கோடைக்குக் கப்பலேற வேண்டிய மகாராஜா

முன்னொரு காலத்தில் என்றுதான் இந்தக் கதையை ஆரம்பிக்க வேண்டும். போன வாரம் நடந்ததுபோல இருந்தாலும் அப்படி ஆரம்பிப்பதுதான் கதை சொல்கிறவனுக்கு நல்லது. யாரும் வீடு தேடி வரமாட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு நாட்டைக் கடல் தாண்டி வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்டார்கள். ஜனங்கள் அவர்களைக் கப்பல்காரர்கள் என்பார்கள். ஒருநாள் அவர்களுக்கு அந்த நாடு சலித்துப்போனது. பழைய ராஜவம்சத்தில் மிச்சமிருந்த ஒருவரைக் கூப்பிட்டு, மாளிகைச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். துறைமுகத்தில் ஜனங்கள் ஆடினார்கள், பாடினார்கள். சிலர் அழக்கூடச் செய்தார்கள்.

அரண்மனை விகடகவி செவ்வந்தியப்பனின் மனைவி வடிவாம்பாள் மட்டும் துறைமுகத்துக்குப் போகாமல் சிறைச்சாலைக்குப் போனாள். அவளுடைய அண்ணன் தில்லைக்கண்ணு ஓர் ஓடக்காரன். கப்பல்காரர்களின் படையை ஆற்றைக் கடத்திவிட மாட்டேன் என்று துடுப்பைக் கீழே போட்டவன். விசாரணை ஏதும் இல்லாமல் உள்ளே தூக்கிப் போட்டிருந்தார்கள். இனிமேல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் துவைத்த வேட்டியோடு அவள் போய் நின்றாள். சிறை அதிகாரி தலையைச் சொறிந்தார்.

"கப்பல்காரங்க போயிட்டாங்க, சரி. ஆனா புதுச் சட்டம் இன்னும் வரலையேம்மா. அது வர்ற வரைக்கும் பழசுதான். போயிட்டு அப்புறமா வா" என்றார்.

புதுச் சட்டமும் வருவதாகத்தான் இருந்தது. சிம்மாசனம் சூடாவதற்குள் மகாராஜாவுக்கு ஓர் ஆசை பிறந்துவிட்டது. சபையைக் கூட்டினார்.

"நமக்கென்று ஓர் அரசியல் சாசனம் வேண்டும். அது இந்த மண்ணிலேயே முளைத்ததாக இருக்க வேண்டும். அந்நியர் வாடை துளியும் அதில் வீசக்கூடாது. அறுவடை முடிவதற்குள் அது என் கைக்கு வர வேண்டும்."

"உத்தரவு பிரபு" என்றார் பிரதான மந்திரி வித்தகராயர்.

வித்தகராயர் தலைமையில் பெரியவர்கள் வசந்த மண்டபத்தில் கூடினார்கள். காலையில் கூடி இட்லி சாப்பிடுவார்கள். மத்தியானம் சாப்பாடு. பிறகு திண்டில் சாய்ந்துகொண்டு இந்த மண்ணின் பெருமையைப் பேசுவார்கள். பேசிப் பேசி அறுவடை நெருங்கிவிட்டது. சாசனத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. கடைசியில் ஒருவர் பரணிலிருந்து கப்பல்காரர்கள் விட்டுப்போன சட்டப் புத்தகத்தை இறக்கினார். அதை உட்கார்ந்து தமிழாக்கினார்கள். 'துரை' என்று வந்த இடத்திலெல்லாம் 'மகாராஜா' என்று போட்டார்கள். பட்டில் சுற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, நாதசுரத்தோடு சபைக்குக் கொண்டுவந்தார்கள்.

மகாராஜா அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு முத்திரை குத்தினார். "இதில் உள்ள ஒவ்வொரு சரத்தும் எழுத்துப் பிசகாமல் நடக்க வேண்டும்" என்றார்.

வித்தகராயர் இதற்குத்தான் காத்திருந்தார். விகடகவியின் பேச்சுக்குச் சபை சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். கைகட்டி நின்று சொன்னார்:

"பிரபு, சாசனத்துக்கு ஒரு காவலர் வேண்டும். நம் செவ்வந்தியப்பனைவிடக் கெட்டிக்காரர் யார் இருக்கிறார்? ஒரு சரத்து தவறினாலும் அவரே சிறைக்குப் போகட்டும். அப்போதுதான் பொறுப்பு வரும்."

"நல்ல யோசனை" என்றார் மகாராஜா.

செவ்வந்தியப்பனுக்குத் தன் தலைமேல் தொங்கும் கத்தி பெரிதாகத் தெரியவில்லை. அவன் தேடியது ஒன்றே ஒன்றைத்தான். சாசனத்தை வாங்கிக்கொண்டு ஏட்டறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினான். பாதியில் அது இருந்தது. 'மகாராஜா யார்மீது சந்தேகம் கொள்கிறாரோ, அவரை விசாரணையின்றி, மகாராஜா விரும்பும் காலம்வரை சிறையில் வைக்கலாம். மாதம் ஒருமுறை அதிகாரி சிறைக்குச் சென்று, வைக்கப்பட்டவருக்கு இந்தச் சரத்தைப் படித்துக்காட்ட வேண்டும்.'

இத்தனை பேர் அடிபட்டு, செத்து, கடைசியில் அதே வலையை நாமே பட்டில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டோமே என்று அவனுக்கு அழுகை வந்தது. மீதிப் பக்கங்களை ஆத்திரத்தோடு தள்ளினான். கடைசிப் பக்கத்தில் இருந்ததை இரண்டு தடவை படித்தான்.

வீட்டுக்கு வந்தபோது வடிவாம்பாள் வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, அண்ணன் வந்துரும்ல?"

"பழைய புத்தகத்தையே காப்பியடிச்சு வச்சிருக்கானுங்க, வடிவு. அது எங்கேருந்து வந்துச்சுன்னு மகாராஜா கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும். மொத்தத்தையும் தூக்கிப் போட்டுருவாரு. அண்ணனும் வந்துருவாரு."

சொன்னபோது அவன் அதை நம்பவும் செய்தான். பாவம், நாலு பேரைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவனுக்கு அந்த ஆசை விடாது.

பங்குனி வெயில் தொடங்கிய அன்று காலை, மகாராஜா கண்விழித்தால் அரண்மனை வாசலில் பல்லக்கு நிற்கிறது. பெட்டி படுக்கையெல்லாம் கட்டியாகிவிட்டது. துறைமுகத்தில் ஒரு கப்பல் பாய் விரித்து நிற்கிறது. ஜனங்கள் வழிநெடுக வரிசையில் நிற்கிறார்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் தீவட்டியோடு தயாராக இருக்கிறான். செவ்வந்தியப்பன் ஒரு தடித்த கம்பளி அங்கியைத் தாங்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"பிரபு, இதை அணிந்துகொள்ள வேண்டும். போகுமிடத்தில் குளிர் அதிகமாம்."

"போகுமிடமா? எங்கே?"

"தங்கள் சொந்த நாட்டுக்கு, பிரபு."

மகாராஜாவின் முகம் சிவந்தது. "என் சொந்த நாடு இதுதானே?"

"அடியேனும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாசனம் வேறு மாதிரி சொல்கிறது. கடைசிச் சரத்து, பிரபு: 'இந்நாட்டுக் கோடை மகாராஜாவின் உடம்புக்கு ஆகாதாகையால், வெயில் தொடங்கியதும் அவர் கப்பலேறித் தமது சொந்த நாடு சென்று, மழை விழுந்த பிறகே திரும்ப வேண்டும். குடிமக்கள் வரிசையில் நின்று வழியனுப்ப, பீரங்கி முழங்க வேண்டும்.' தங்கள் முத்திரை இருக்கிறது. எழுத்துப் பிசகினால் எனக்குச் சிறை. கப்பலை எந்தத் திசைக்கு விடுவது என்று மட்டும் தெரியவில்லை. வித்தகராயர் எழுதியது, அவருக்குத் தெரிந்திருக்கும்."

மகாராஜா சாசனத்தைப் பிடுங்கி முதல் தடவையாகப் படித்தார். வித்தகராயரைப் பார்த்தார். வித்தகராயர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மகாராஜாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது, கடைசியில் அந்தக் கம்பளி அங்கியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். வரிசையில் நின்ற ஜனங்களும் சிரித்தார்கள்.

"என்னையே நாடு கடத்தப் பார்த்தாயே, செவ்வந்தியப்பா. என்ன வேண்டும், கேள்."

செவ்வந்தியப்பன் காலில் விழுந்தான். சபையில் அவன் இப்படிக் குரல் உடைந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"பிரபு, இந்தச் சரத்து எந்தக் கப்பலில் வந்ததோ, அதே கப்பலில்தான் விசாரணை இல்லாமல் அடைக்கும் சரத்தும் வந்தது. இதை அடிக்கும்போது அதையும் அடித்துவிடுங்கள். என் மைத்துனன் தில்லைக்கண்ணு உள்ளே கிடக்கிறான். அவனைப் போல இன்னும் எத்தனையோ பேர். வேறு ஒன்றும் வேண்டாம்."

மகாராஜா சிரிப்பை நிறுத்தினார். அந்தப் பக்கத்தைத் திருப்பி நிதானமாகப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"அந்த ஓடக்காரன்தானே? அன்றைக்கு அவர்கள் படையை ஏற்ற மறுத்தவன், நாளைக்கு என் படையை ஏற்றுவான் என்று என்ன நிச்சயம்?" என்றார். "எந்தக் கப்பலில் வந்தால் என்ன, இது நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது."

எழுத்தாணியை வாங்கிக் கடைசிச் சரத்தை மட்டும் அடித்தார். பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்குப் போட்டார்.

"இவ்வளவு கவனமாகப் படிக்கிறவனை விடுவேனா? ஆயுள் முழுக்க நீயே சாசனக் காவலன்."

அன்றைக்கு முதல் தடவையாக வித்தகராயர் சிரித்தார். யார் சொன்னார்களோ தெரியவில்லை, பீரங்கிக்காரன் திரியில் நெருப்பு வைத்துவிட்டான். ஜனங்கள் கைதட்டிக்கொண்டு கலைந்தார்கள். செவ்வந்தியப்பன் வீட்டுக்குப் போகவில்லை. அந்த மாதம் சரத்தைப் படித்துக்காட்ட வேண்டிய நாள் அதுதான். சாசனக் காவலன் என்பதால் படிக்க வேண்டிய அதிகாரியும் இனிமேல் அவன்தான்.

தில்லைக்கண்ணு கம்பியைப் பிடித்துக்கொண்டு கப்பல் கதை முழுவதையும் கேட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கம்பளி வேற எடுத்துட்டுப் போனியா மாப்ளே" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும், "சரி, என்னை எப்ப விடுவாங்க?" என்றான்.

செவ்வந்தியப்பன் சாசனத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தை எடுத்தான். முத்துமாலை ஏட்டின்மேல் இடறியது. அதை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை படித்தான்.

தில்லைக்கண்ணு தலையைச் சாய்த்துக்கொண்டு கடைசி வார்த்தைவரை கேட்டான்.

"இத்தனை வருஷம் கப்பல்காரன் மாசாமாசம் வந்து அவன் பாஷையில என்னமோ படிச்சிட்டுப் போவான் மாப்ளே. ஒரு வார்த்தை புரியாது" என்றான். "இப்பத்தான் நல்லாப் புரியுது."