கயிறு கட்டிய ஓடை

கண்டல்மேட்டுப் படகுத் துறையில் சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள் பர்வீன். வயது முப்பத்தொன்று. அவளிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் காத்தமுத்து. ஐம்பத்திரண்டு வயது, அதில் முப்பது வருடம் வலை இழுத்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அலையாத்திக் காட்டுக்குள் ஆட்களை எப்படி அழைத்துப்போய் வருவது என்பதுதான் பாடம். மோட்டார் போடாமல் துடுப்பு வலிக்க வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. தண்ணீரில் பிளாஸ்டிக் போடுகிறவரை மனம் நோகாமல் தடுக்க வேண்டும். எல்லாம் அவருக்குச் சுலபமாக வந்தது. பேச்சுதான் வரவில்லை. "இது தில்லை. இது சுரபுன்னை." அதோடு வாய் மூடிக்கொள்ளும்.

"மரத்தோட பேரு பலகையிலயே இருக்குண்ணே," என்றாள் பர்வீன் ஒருநாள். "உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க. அது எந்தப் பலகையிலயும் இல்ல."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சுனாமி வந்த காலையில் இந்தக் காடு அலையைத் தாங்கி ஊரைக் காப்பாற்றியது. காட்டுக்கு வெளியே மணல் திட்டில் நின்ற அவர் மகள் வேம்புவை மட்டும் அலை கொண்டுபோனது. ஏழு வயது.

பர்வீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதைச் சொல்லுங்கண்ணே. காட்டை ஏன் காக்கணும்னு வர்றவங்களுக்குப் புரியும்."

சொன்னார். தினம் மூன்று நடை, மூன்று தடவை. படகில் இருந்தவர்கள் அழுதார்கள். ஊருக்குப் போய் மற்றவர்களிடம் சொன்னார்கள். 'அந்தப் பொண்ணு கதை சொல்றவர் படகு எது?' என்று விசாரித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். நான்கு வருடம் இப்படிப் போயிற்று.

ஒருநாள் மதியம் படகைக் கட்டிவிட்டுக் கரையேறியபோது, ஒரு குடும்பம் அந்தக் கதையை மறுபடி சொல்லக் கேட்டது. துறையிலேயே நின்று சொன்னார். அவர் மனைவி அஞ்சம்மாளும் பயிற்சி எடுத்தவள்தான். அங்கே விருந்தாளிகளுக்குச் சமைத்துப் பரிமாறுவாள். அவர் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டாள்.

"அப்பாவுக்குச் சங்கு பொறுக்கிட்டு வரேன்னு சிரிச்சுக்கிட்டே ஓடுனா," என்று முடித்தார். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். நிறுத்தினார். அந்தக் குடும்பத்து அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் அஞ்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ள யாரு?"

"எந்தப் புள்ள?"

"இப்பச் சொன்னீங்களே. சிரிச்சுக்கிட்டு ஓடுன புள்ள."

அவர் படகுப் பக்கம் திரும்பினார்.

"நம்ம புள்ள உங்ககிட்ட அடி வாங்கிட்டு அழுதுக்கிட்டுல்ல போச்சு," என்றாள். மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டு இலைப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர் ஆள் ஏற்றவில்லை. பயிற்சிக் கொட்டகைக்குப் போனார். பர்வீன் உயிர்காப்பு உடுப்புகளை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர்."

"கேளுங்கண்ணே."

"மொதல்ல சொல்றப்போ தொண்டை அடைக்கும். இப்ப அடைக்கிறதில்ல. எங்க நிறுத்துனா அழுவாங்கன்னு தெரியுது. அங்க நிறுத்துறேன். அவ ஏன் மணல் திட்டுக்குப் போனானு யாரோ கேட்டாங்க, சங்குன்னு சொல்லிவச்சேன். அதுவே நின்னுடுச்சு. நேத்திலேருந்து அவ முகத்தை நெனச்சுப் பாக்குறேன், வரல. குரலைக் கேக்கப் பாக்குறேன். என் குரல்தான் கேக்குது." அவர் துண்டை எடுத்து உதறித் திரும்பத் தோளில் போட்டார். "நான் தொழிலை நல்லாக் கத்துக்கிட்டேனா, இல்ல கெட்டுப்போயிட்டேனா?"

பர்வீன் கையிலிருந்த உடுப்பை மாட்டிக்கொண்டாள்.

"படகை எடுங்கண்ணே. இன்னைக்கு நான்தான் விருந்தாளி."

அவர் வலித்தார். மூன்றாவது திருப்பம் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு சின்ன ஓடை பிரிந்தது. அதன் வாயில் இரண்டு கழிகளை ஊன்றிக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது.

"இதுக்குள்ள போலாமா?"

"கூடாது டீச்சர். உங்களுக்குத் தெரியாததா?"

"நான் விருந்தாளி. எனக்குத் தெரியாது. ஏன் கூடாது?"

அவர் துடுப்பை நிறுத்தினார்.

"உள்ள கொக்கு கூடு கட்டுற எடம். ஆரம்பத்துல எல்லாரையும் இங்கதான் கூட்டிட்டு வந்தோம். ஒருத்தரும் கல்லெறியல, சத்தம் போடல. பாத்துட்டு சந்தோஷமாப் போனாங்க. ஆனா தெனம் வந்தோம். ஒரு வருஷம் பறவை வரல. அப்புறம் கயிறு கட்டுனது."

"யாரு கட்டுனா?"

"நான்தான்."

"பறவை திரும்ப வந்துச்சா?"

"இல்ல. மூணு மழைக்காலம் ஆச்சு."

"பறவையே இல்ல. அப்புறம் யாருக்கு இந்தக் கயிறு?"

"வந்தா எடம் வேணுமே டீச்சர்," என்றார் காத்தமுத்து.

சொன்ன பிறகு அவர் கை துடுப்பின் மேலேயே கிடந்தது. படகு தானாக மெல்லத் திரும்பி, வேரில் உரசி நின்றது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பர்வீன் அந்தப் பக்கம் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துண்டை விலக்காமலே, "நாளைக்கு ஏறுறவங்க கேப்பாங்களே," என்றார்.

"கேக்கட்டும். அந்தக் கதை இனி இல்லன்னு நான் வந்து சொல்லிக்கிறேன்."

அவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டார். ஓடைக்குள் பச்சை இருட்டாக இருந்தது.

"திரும்ப வருமா டீச்சர்?"

எது என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"தெரியாதுண்ணே," என்றாள் பர்வீன். "உள்ள ஆளைக் கூட்டிட்டுப் போகச் சொன்னவளே நான்தான்."