சின்னம் வைக்க ஓர் இடம்

ஏரிக்குக் கீழே ஏரி, அதற்கும் கீழே இன்னொரு ஏரி என்று கிடக்கும் நாடு அது. மேல் ஏரி நிரம்பி வழிந்தால்தான் கீழ் ஊருக்குத் தண்ணீர். அங்கே எந்த ஊராக இருந்தாலும் சரி, எங்கே வீடு, எங்கே சந்தை, எங்கே வயல் என்று துணியில் திட்டம் வரைந்து உமையாளிடம் கொண்டுவர வேண்டும். பக்கத்து ஊர்களோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்து முத்திரை போடுவது அவள் வேலை.

அவளிடம் பாடம் கேட்டவர் தாண்டவர். அவளைவிட வயதில் மூத்தவர். ஏரிக்கரை கட்டிக் கட்டியே தலை நரைத்த பிறகு, திட்டம் பார்க்கவும் கற்றுக்கொள்ளலாமே என்று வந்து சேர்ந்தவர். நல்ல மனுஷன்தான். தன் கண்மேல் மட்டும் அவருக்கு அபார நம்பிக்கை.

அல்லிக்கரை நகரத்தின் திட்டம் வந்தபோது உமையாள் அதைப் பிரிக்கக்கூட இல்லை.

"இதை நீங்களே பாருங்க. முத்திரையும் நீங்களே போடுங்க."

தாண்டவருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் முத்திரை, அதுவும் அல்லிக்கரை! அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிட்டு வந்தார்.

"குறை சொல்ல ஒண்ணுமில்லேம்மா. தோல் பட்டறையைக் குளிக்கிற துறையை விட்டுத் தள்ளி வச்சிருக்காங்க. ஏரி வழியிற கலிங்கை அகலமாக்குறாங்க. எவ்வளவு மழை பெஞ்சாலும் கரையோரக் கடைத்தெருவுல இனி சொட்டுத் தண்ணி நிக்காது."

"அப்போ மூட்டை கட்டியாச்சா?"

முத்திரை போட்டவர் அந்த வருஷத்து மழைக்காலத்தை அங்கே போய்த் தங்கிக் கழிக்க வேண்டும். அது அந்த நாட்டு வழக்கம்.

"ஓ, கட்டியாச்சே. நகரத் தலைவர் எனக்காக மாடி வீடு ஒழிச்சு வச்சிருக்காராம். ஜன்னலைத் திறந்தா ஏரிக்காத்தாம்."

உமையாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"மாடி வீடா! நல்லா இருக்கே கதை. தங்கறது திட்டம் போட்ட ஊர்ல இல்லைங்க. அந்த ஊர்த் தண்ணி அடுத்தாப்ல எந்த ஊருக்குப் போகுதோ, அந்த ஊர்ல."

"அதுக்கென்ன, அங்கேயே தங்கிட்டாப் போச்சு. எந்த ஊர் அது?"

"துணி உங்க கையிலதானே இருக்கு?"

தாண்டவர் கலிங்கில் விரலை வைத்து வாய்க்காலோடு இறக்கினார். துணியின் ஓரத்தில் விரல் நின்றது. அங்கே நகரத்தின் சின்னம் இருந்தது. பெரிய அல்லிப்பூ, இரண்டு பக்கமும் அன்னம்.

"சின்னம்தான் இருக்கு."

"அதுக்கு அடியில?"

"வெறும் துணி."

"அப்போ அங்கேதான் பாய் விரிக்கப் போறீங்களா?"

தாண்டவர் நேரே அல்லிக்கரைக்குப் போனார். நகரத் தலைவர் வைரவநாதர் இளநீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"அந்த மூலையா? அது நம்ம எல்லைக்கு வெளியே. சும்மா கிடந்த இடம். அழகா இருக்கட்டுமேன்னு அன்னத்தைப் போட்டோம்."

தாண்டவர் இளநீரைப் பாதியில் வைத்துவிட்டு வாய்க்காலோடு நடந்தார். வறண்டு கிடந்த வாய்க்கால், கீழ்வாய்ப்பட்டி என்ற நெசவாளர் ஊரில் போய் நின்றது. வாய்க்காலின் நடுவிலேயே முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள்.

"ஐயா, பாத்து! அடுப்படியை மிதிக்கிறீங்க" என்றாள் மண்ணை வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி. பெயர் செல்லாயி.

"இது வாய்க்கால் இல்லையாம்மா?"

"எங்க ஊர்த் திட்டத்துல காலி இடம்தான்யா. இந்தத் தெரு முழுக்க வீடு வருது. முத்திரை வர்றதுக்குள்ள அஸ்திவாரத்தைப் போட்டுட்டா ஒரு வேலை முடியுமில்ல? ஆவணியில மகளையும் பேத்தியையும் கூட்டிக்கிட்டுக் குடிவரணும்."

தாண்டவர் கலிங்கு இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தார். ஆவணி போய் ஐப்பசி வந்தால் அடைமழை. அகலமாக்கிய கலிங்கு வாயைத் திறந்தால் இந்த அடுப்படிதான் முதலில் போகும். நல்லவேளை, முத்திரை இன்னும் மடியில்தான் இருந்தது.

ஊர்ச் சாவடியில் கீழ்வாய்ப்பட்டியின் திட்டத்துணியைப் பிரித்துப் பார்த்தார். மேலே, வாய்க்கால் ஊருக்குள் நுழைய வேண்டிய இடத்தில், தறியில் குறுக்கு நூல் ஓட்டும் நாடா ஒன்றைப் பூமாலை சுற்றி ஜம்மென்று வரைந்திருந்தார்கள். அது இவர்கள் ஊர்ச் சின்னம்.

இரண்டு துணிகளையும் உமையாள் முன்னால் போட்டார்.

"ரெண்டு ஊருமாச் சேர்ந்து ஒரு வாய்க்காலையே முழுங்கிட்டாங்கம்மா! நானும் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன். இப்போ யாரைத் திருத்தச் சொல்றது?"

உமையாள் ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்தாள்.

தாண்டவர் சின்னங்கள் இரண்டையும் வெட்டி எடுத்தார். இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தார். கரைக்கு மூங்கில் பின்னிய கை, தையல் கோணவில்லை. பிறகு வைரவநாதருக்கும் செல்லாயிக்கும் ஆள் அனுப்பினார்.

வைரவநாதர் வந்ததும் வராததுமாகக் கத்தினார். "எங்க அன்னம் எங்கேய்யா?"

செல்லாயி துணியில் குனிந்து, அகலக் கலிங்கிலிருந்து கீழே கோடு பிடித்து வந்தாள். தையலைத் தாண்டி ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

"இது என் அடுப்படி" என்றாள்.

வைரவநாதர் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கலிங்கு பழைய அளவுலயே இருக்கட்டும். கடைத்தெருவை மேட்டுக்கு ஏத்திக்கிறோம்."

"முளையை நாங்களும் பிடுங்கிடறோம்" என்றாள் செல்லாயி. "மேட்டுல எங்களுக்கும் இடம் இருக்கு. கல்லு கிடக்குதே, பெயர்க்கணுமேன்னு சோம்பல் பட்டோம்."

இரண்டு மாற்றத்தையும் துணியிலேயே வரைந்துவிட்டு அவர்கள் போனபின், தாண்டவர் அதில் முத்திரையை அழுத்திப் போட்டார். வெட்டிய சின்னங்கள் இரண்டும் மணைமேல் கிடந்தன.

"சின்னம் இல்லாம அனுப்பினா ரெண்டு ஊருக்கும் மனசு கஷ்டப்படும். இதை எங்கேம்மா வைக்கிறது?"

"யாரும் இல்லாத இடமாப் பாத்து வைங்க" என்றாள் உமையாள்.

தாண்டவர் அன்னத்தை ஒரு கையிலும் தறி நாடாவை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, துணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு இரண்டையும் மணைமேலேயே வைத்துவிட்டு, கீழ்வாய்ப்பட்டிக்குக் கொண்டுபோகத் தன் பாயைச் சுருட்டினார்.