யானைக்குட்டிப் புத்தகமும் கோணக்கரிசல் கமிட்டியும்

கோணக்கரிசல்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது பாவம். எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிறபடியே செய்கிறவர்கள் அவர்கள். எழுதுகிறவர்கள்தான் கொஞ்சம் யோசித்து எழுதியிருக்க வேண்டும்.

அந்த ஊர்ப் பால்வாடி டீச்சர் பிரசவத்துக்குத் தாய்வீடு போன நேரம் பார்த்து, மேலிடத்திலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே பன்னிரண்டு படப் புத்தகங்கள், சிரிப்பு, கோபம், சோகம், பயம் என்று நாலு முகம் வரைந்த ஒரு அட்டை, ‘படப் புத்தகம் வழியாக உணர்ச்சிக் கல்வி’ என்று ஒரு குறிப்புத்தாள். கூடவே ஒரு கடிதம். இருபது நாளில் அதிகாரி நேரில் வருவார். தங்கள் மனசில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால், பெட்டி பக்கத்து ஊரான மேலக்கரிசலுக்குப் போய்விடும்.

மேலக்கரிசலுக்கா! ஊர் கொதித்துப்போய் அன்றைக்கே ஒரு கமிட்டி போட்டது. மாவு மில் ஆவுடையப்பன் தலைவர். டெய்லர் மாசானம் உறுப்பினர். பூக்கட்டுகிற துரைச்சி திக்காமல் வாசிப்பாள் என்பதால் குறிப்புத்தாள் அவள் பொறுப்பு.

துரைச்சி முதல் வரியை வாசித்தாள். “புத்தகத்தைக் குழந்தைகளின் கண் மட்டத்தில் பிடிக்கவும்.”

மாசானம் டேப்பை எடுத்து, பதினொரு பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்து, தரையிலிருந்து கண்வரை அளந்தார். முப்பத்திரண்டு அங்குலத்தில் ஆரம்பித்து முப்பத்தெட்டு வரை போனது. பூவரசி என்கிற நாலு வயசுப் பெண்தான் எல்லாரிலும் குள்ளம்.

“அண்ணாச்சி, கண்ணு ஆளுக்கொரு உயரத்துல இருக்கு. எந்த மட்டத்துல பிடிக்க?”

ஆவுடையப்பன் மீசையைத் தடவினார். “புத்தகம் சர்க்காரு புத்தகம். அதை ஏத்தி இறக்க நமக்கு அதிகாரம் கிடையாது. பிள்ளைகளைத்தான் சரி பண்ணணும்.”

அதனால் பால்வாடி முற்றத்தில் பத்துக் குழிகள் வெட்டினார்கள். பூவரசிக்குக் குழி இல்லை. மற்றவர்கள் அவரவர் உயரத்துக்குத் தக்கபடி ஓர் அங்குலக் குழியிலிருந்து ஆறு அங்குலக் குழிவரை இறங்கி நின்றார்கள். மாசானம் ஒரு நூலைக் கட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு கண்ணும் ஒரே மட்டம். பிள்ளைகளுக்குக் குழி ரொம்பப் பிடித்துப்போனது. ஒருத்தரும் புத்தகத்தைப் பார்க்காமல் மண் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சரியான மட்டத்தில் நின்று விளையாடினார்கள்.

பூவரசி மட்டும் பார்த்தாள். பால்வாடிக்கு வந்து ஆறு மாசமாக அந்தப் பிள்ளை வாயைத் திறந்ததே இல்லை. வருவாள், உட்காருவாள், அம்மா வந்ததும் போய்விடுவாள். இப்போது முதல் பக்கத்தில் ஒரு யானைக்குட்டி மரத்தடியில் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

துரைச்சி அடுத்த வரியை வாசித்தாள். “படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கவும். குழந்தை பதில் சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருக்கவும். அதுவரை பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.”

“யானைக்குட்டி ஏன் பாப்பா அழுவுது?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

பூவரசி பேசவில்லை. காத்திருந்தார்கள். மதியம் அவள் தூங்கினாள். புத்தகத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். கமிட்டியும் கூடவே போய் வாசலில் உட்கார்ந்தது. இரண்டு நாள் மாவு மில் ஓடவில்லை. மாசானத்திடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் பூவரசி வீட்டுக்கே வந்து சண்டை போட்டார்கள்.

மூன்றாம் நாள் மதியம் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது.

“பசிக்குது.”

“சொல்லிட்டா! சொல்லிட்டா!” என்று மாசானம் குதித்தார். “யானைக்குட்டிக்குப் பசிக்குதாம் அண்ணாச்சி! நமக்குத் தோணாமப் போச்சே!”

“எனக்கு” என்றாள் பூவரசி. அது யார் காதிலும் விழவில்லை. துரைச்சி ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெல்லக்கட்டியும் வாங்கி வந்தாள். படத்தின் முன்னால் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, கூச்சப்படுமே என்று பூவரசியையும் கூட்டிக்கொண்டு மூவரும் வெளியே போய் நின்றார்கள்.

திரும்பி வந்தபோது வாழைப்பழம் இல்லை. வெல்லம் இல்லை. இலை இல்லை. புத்தகத்தின் மேலட்டையும் யானைக்குட்டி நின்ற முதல் பக்கமும் இல்லை. துரைச்சி வீட்டு வெள்ளாடு ஒன்று அசைபோட்டபடி நின்றது.

பூவரசி ஓவென்று அழுதாள்.

கமிட்டி பரபரப்பானது. உணர்ச்சி வந்துவிட்டது! ஆவுடையப்பன் முக அட்டையை எடுத்து அவள் முகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“வாய் கீழே வளைஞ்சிருக்கு. சோகம்தான்.”

“படத்துல ஒரு சொட்டுக் கண்ணீருதான் இருக்கு அண்ணாச்சி. இது அருவி. அதோட மூக்கும் ஒழுகுது” என்றார் மாசானம். “மூக்கு ஒழுகுறது இதுல எந்த உணர்ச்சி?”

“அச்சடிக்க விட்டுட்டாங்க போல. துரைச்சி, மேல வாசி.”

“குழந்தைக்கு ஓர் உணர்ச்சி வந்ததும், உடனே அதற்கு ஒரு பெயர் வைக்கவும்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆவுடையப்பன் அடங்கிய குரலில், “பேரு வைக்கணும்னா அத்தை வரணுமே” என்றார்.

பூவரசியின் அத்தை அடுத்த தெருதான். மேளக்காரரும் வந்தார். தொட்டில் கட்டினார்கள். அழுகை ஆணா பெண்ணா என்று ஒரு விவாதம் நடந்தது. சத்தம் கனமாக இருந்ததால் ஆண் என்று முடிவானது. குலசாமி பேரையே வைப்போம், மாடசாமி என்றாள் அத்தை. அதற்குள் மேளத்தைப் பார்த்த பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது.

“அழுகை போயிருச்சே! இப்ப யாருக்குப் பேரு வைக்க?”

மாசானம்தான் வழி சொன்னார். பிள்ளையின் கண்ணைத் துடைத்த கைக்குட்டையைத் தொட்டிலில் போட்டு, அதன் ஓரத்தில் அத்தை மூன்று தரம் “மாடசாமி, மாடசாமி, மாடசாமி” என்று ஓதினாள். அதைப் பார்த்து பூவரசி சிரித்தாள். சிரிப்பும் உணர்ச்சியாயிற்றே! இரண்டாவது தொட்டில். காந்திமதி என்று வைத்தார்கள்.

அப்புறம் ஊரில் தினமும் மேளச் சத்தம்தான். பதினொரு பிள்ளைக்கும் ஆளுக்கு நாலு உணர்ச்சி, நாலு தொட்டில். ஒரு வீட்டில், பையனின் பயத்துக்குத் தன் மாமனார் வன்னியப்பர் பேரை வைத்துவிட்டார்கள் என்று பையனின் அப்பா சந்தோஷப்பட, அம்மா கோபித்துக்கொண்டு பிறந்தவீடு போனாள். யானைக்குட்டிப் புத்தகத்தின் மிச்சத்தையும் மற்றப் புத்தகங்களையும் ஆடு தின்றுவிடக் கூடாதே என்று ஆவுடையப்பன் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அடுத்த பக்கம்” என்றாள் பூவரசி. அவள் இப்போது பேசத் தொடங்கியிருந்தாள். தினமும் பீரோ முன்னால் நின்று அந்த இரண்டு சொல்லை மட்டும் சொன்னாள். இது எந்த உணர்ச்சி என்று முக அட்டையில் தேடிப் பார்த்து, கிடைக்காமல் விட்டுவிட்டார்கள்.

இருபதாம் நாள் அதிகாரி வந்தார். கலாவல்லி என்று பெயர். குழிகளைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்து, பூவரசியை அருகில் அழைத்தார்.

“இப்ப உன் மனசுல என்ன இருக்கு, கண்ணு?”

“மாடசாமி வந்திருக்கு” என்றாள் பூவரசி.

அதிகாரி நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். “எப்ப வந்துச்சு?”

“காலையிலேயே.”

பக்கத்துப் பையன் தானாகவே எழுந்து நின்றான். “டீச்சர், உங்களைப் பாத்ததும் எனக்கு எங்க தாத்தா வன்னியப்பர் வந்துட்டாரு.”

“தாத்தா எங்கப்பா இருக்காரு?”

“செத்துப்போயிட்டாரு.”

அதிகாரிக்கு வியர்த்தது. ஆவுடையப்பன் பெருமையாகக் குறிப்புத்தாளை நீட்டி, நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார். கேட்கக் கேட்க அந்த அம்மாளின் முகம் சிவந்தது. மாசானம் முக அட்டையைப் பார்த்துவிட்டுத் தலைவர் காதில், “ரெண்டாவது படம் அண்ணாச்சி” என்றார்.

துரைச்சி தொட்டில் சேலையை எடுத்துக்கொண்டு பணிவாக முன்னால் வந்தாள். “மேடம், உங்க அத்தை எந்த ஊருல இருக்காங்க?”

“முதல்ல புத்தகம் எங்கேன்னு சொல்லுங்க!”

ஆவுடையப்பன் இடுப்புச் சாவியைக் காட்டினார். பூவரசி பீரோவைக் காட்டி, “அடுத்த பக்கம்” என்றாள். அதிகாரி அவள் தலையைத் தடவிவிட்டு, பார்வையாளர் நோட்டில் எழுதினார்: ‘பெட்டி இந்த ஊரிலேயே இருக்கட்டும். புத்தகங்களை உடனே குழந்தைகளுக்குத் திறந்து வைக்கவும்.’ பெட்டி தங்களுக்குத்தான் வரும் என்று மேலக்கரிசலும் ஒரு கமிட்டி போட்டிருந்தது; அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார். அங்கே என்ன நடந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.

ஜீப் போனதும் துரைச்சி அந்த வரியை மறுபடி வாசித்தாள்.

“திறந்து வைக்கணுமாம்.”

“சும்மா திறந்தா அது திறக்கிறது” என்றார் ஆவுடையப்பன். “திறந்து வைக்கிறதுன்னா ஆளு வேணும்.”

பந்தல் போட்டார்கள். மைக் செட் வந்தது. ஊராட்சித் தலைவர் மாலை மரியாதையோடு வந்து, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் கேட்டு, தானும் முக்கால் மணி நேரம் பேசி, மாசானத்தின் கத்தரிக்கோலால் சிவப்பு ரிப்பனை வெட்டி, யானைக்குட்டிப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்தார். ஊரே கை தட்டியது. பூவரசி கூட்டத்தில் முண்டியடித்து மேடைக்கு வந்து பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

பக்கம் முழுக்க ஒரு கருங்கல் பலகை ஒட்டியிருந்தது. ‘இப்பக்கம் மாண்புமிகு ஊராட்சித் தலைவர் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. முன்னிலை: தி. ஆவுடையப்பன்.’

“யானை எங்க?” என்றாள்.

“யானை கல்வெட்டுக்குப் பின்னால பத்திரமா இருக்கு, பாப்பா” என்றார் ஆவுடையப்பன். “அடுத்த பக்கத்தைத் திறக்க மந்திரிகிட்ட தேதி கேட்டிருக்கு. அவருக்குக் கல்லு இதைவிடப் பெருசா வெட்டச் சொல்லியாச்சு.”