தரையில் நடந்த மந்தி

சந்தனமலைக் காட்டில் கொன்றை என்றொரு மந்தி இருந்தாள். மற்ற மந்திகள் மரத்துக்கு மரம் தாவின. கொன்றை மட்டும் தரையில் நடந்தாள்!

கோடையில் ஒரு நாள் அவள் தாவிப் பிடித்த கிளை மளுக்கென்று ஒடிந்தது. கீழே முட்புதர். காயமெல்லாம் ஆறிவிட்டது. ஆனால் அன்று முதல் மரத்தை அண்ணாந்து பார்த்தாலே நெஞ்சு படபடக்கும், கால் வெலவெலக்கும். 'எந்தக் கிளையைப் பிடித்தாலும் ஒடியும். விழுந்தால் செத்துப்போவாய்' என்று மனம் சொல்லும். அவளும் அதை நம்பிவிடுவாள்.

அவளுக்கு மருதன் என்றொரு கடமான் நண்பன். ரொம்ப இளகிய மனசு அவனுக்கு.

"நீ ஏன் ஏற வேண்டும்? நான் இல்லையா?" என்று கொம்பால் கிளைகளை உலுக்கிப் பழம் உதிர்த்துக் கொடுப்பான். போகும் இடமெல்லாம் முதுகில் ஏற்றிக்கொண்டு போவான்.

கொன்றைக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் பயம் கொழுத்துக்கொண்டே வந்தது. முதலில் பெரிய மரங்களைக் கண்டு பயந்தாள். பிறகு குட்டை மரங்களைக் கண்டு பயந்தாள். கடைசியில் ஒரு கரையான் புற்றின்மேல் ஏறி நிற்கவும் அவளால் முடியவில்லை!

அந்தச் சமயத்தில் காட்டில் பழங்கள் குறைந்தன. மந்திக் கூட்டத்தின் தலைவி எல்லாரையும் கூப்பிட்டாள்.

"பௌர்ணமியன்று பள்ளத்தைத் தாண்டி அக்கரைக்குப் போகிறோம். அங்கே அத்தி பழுத்துக் கிடக்கிறது!"

அந்தப் பள்ளம் மலையையே இரண்டாகப் பிளந்து கிடந்தது. இறங்கவும் வழியில்லை, சுற்றிப் போகவும் வழியில்லை. இரு கரை மரங்களும் கிளை நீட்டியிருக்கும் இடத்தில் தாவித்தான் போக வேண்டும்.

'எல்லாரும் போய்விட்டால் நான் மட்டும் இங்கே என்ன செய்வேன்?' கொன்றை உட்கார்ந்து அழுதாள்.

தேன் நக்கிக்கொண்டிருந்த கரடி திரும்பிப் பார்த்தது. "இதற்கா அழுகிறாய்? விழுந்ததை நினைக்காதே. அவ்வளவுதான்!"

கொன்றை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது... எதை? விழுந்ததை! ஐயோ, நினைத்துவிட்டேனே!"

மேலே கிளையில் வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்த மலை அணிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பெயர் பூவரசி. விறுவிறுவென்று இறங்கி வந்தாள்.

"கொன்றை, நீ விழுவதற்கு முன்னால் எத்தனை கிளைகளில் தாவியிருப்பாய்?"

"அதை யார் எண்ணினார்கள்? பிறந்ததிலிருந்து தாவுகிறேன்."

"அதில் எத்தனை ஒடிந்தது?"

கொன்றை யோசித்தாள். "ஒன்று."

"வா, அந்த ஒன்றைப் போய்ப் பார்ப்போம்!"

ஒடிந்த கிளை புதருக்குள் இன்னும் கிடந்தது. உள்ளே கரையான் அரித்துக் கூடாகியிருந்தது. ஓர் இலைகூட இல்லை.

"உளுத்த கிளை!" என்றாள் கொன்றை ஆச்சரியத்தோடு. "எல்லாக் கிளையும் ஒடியாது. உளுத்த கிளைதான் ஒடியும். சரிதான், புரிகிறது. ஆனால் என் கால் நம்ப மாட்டேன் என்கிறதே!"

"அப்படியானால் காலுக்கும் காட்டிவிடுவோம்" என்றாள் பூவரசி.

முதல் நாள் புற்றின்மேல் ஏறினாள் கொன்றை. நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது.

"இறங்கட்டுமா?"

"வேண்டாம். அப்படியே உட்கார். நெஞ்சு என்னதான் செய்கிறது என்று பார்ப்போம்."

படபடப்பு ஏறியது, ஏறியது, பிறகு தானாகவே அடங்கியது! கொன்றையால் நம்ப முடியவில்லை.

மறுநாள் ஒரு நெல்லி மரத்தின் தாழ்ந்த கிளை. அவள் நடுங்குவதைப் பார்த்ததும் மருதன் பதறி ஓடி வந்தான். "பாவம், பயப்படுகிறாளே! கொன்றை, என் முதுகில் குதித்துவிடு!"

"மருதா, கொஞ்சம் தள்ளி நில்!" என்றாள் பூவரசி. "நீ தாங்கிக்கொண்டே இருந்தால், தன்னால் முடியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?"

மருதனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் தள்ளிப் போய், கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மூச்சுக்கு ஒரு தரம், "விழுந்துவிட்டாளா? விழுந்துவிட்டாளா?" என்று கேட்டான்.

ஒரு நாள் நிஜமாகவே விழுந்துவிட்டாள்! தாவும்போது கை வழுக்கி, சருகுக் குவியலில் தொப்பென்று விழுந்தாள். மருதன் அலறிவிட்டான்.

சருகுக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"விழுந்துவிட்டேன்!" என்றாள் கொன்றை. "விழுந்தும் உயிரோடு இருக்கிறேன்! மருதா, பார்த்தாயா?" என்று சொல்லிச் சிரித்தவள், உடம்பில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டு அதே மரத்தில் மறுபடியும் ஏறினாள்.

பௌர்ணமி வந்தது. மந்திகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தைத் தாண்டின. கடைசியாக நின்றாள் கொன்றை. கீழே பார்த்ததும் பழைய படபடப்பு வந்துவிட்டது.

"பயமாக இருக்கிறதா?" என்று கேட்டாள் பூவரசி.

"ரொம்ப!"

"பயம் போகும் வரைக்கும் காத்திருப்போமா?"

"எதற்கு? அதுவும் என்னோடு வரட்டும்!"

எதிர்க்கரையிலிருந்து நீண்டிருந்த கிளையை உற்றுப் பார்த்தாள். பச்சை இலையோடு தடியாக இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே தாவு! கிளை வளைந்தது, ஆடியது, அவளைத் தாங்கிக்கொண்டது. கூட்டம் முழுவதும் கூச்சலிட்டது.

"விழுந்துவிட்டாளா?" என்றான் மருதன், கண்ணைத் திறக்காமல்.

"நீயே கண்ணைத் திறந்து பாரேன்!" என்றாள் பூவரசி.

மருதன் பார்த்தான். அக்கரையில் கொன்றை அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. 'இனி எப்போது பார்ப்பேனோ!' என்று தலையைத் தொங்கப்போட்டான்.

அன்று மாலையே அவன் முன்னால் இரண்டு அத்திப்பழங்கள் விழுந்தன. நிமிர்ந்து பார்த்தான். மேலே கிளையில் கொன்றை!

"உனக்குக் கொடுக்கத்தான் தாவி வந்தேன். நாளைக்கும் வருவேன்!"

அஞ்சிய செயலைச் சிறிது சிறிதாகச் செய்து பார்ப்பவரிடம் அச்சம் நெடுநாள் தங்குவதில்லை.