பச்சை விளக்கை நம்பிய சருகுமான்

சோலைக்காட்டுக் குட்டையில் தண்ணீர் குடிக்க வந்த முயலைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. அன்றிலிருந்து சருகுமானுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட நிம்மதியாக இறங்கவில்லை. அதற்கு இருந்தது ஒரே ஒரு குட்டி.

"ஆபத்து வந்தால் போனில் சொல்லுகிற செயலி ஒன்று வேண்டும்!" என்று விலங்குகள் கூடிப் பேசின. அதைச் செய்து தர ஆள் பார்க்கும் பொறுப்பு சருகுமானின் தலையில் விழுந்தது. அது செயலி எழுதும் கரையானிடம் போனது.

"செயலிக்கு எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டகம் எங்கிட்ட இருக்கும்மா. அதுக்கு மேல ஒவ்வொரு வரியா நானே எழுதணும். முடிக்க மழைக்காலம் ஆயிடும். ஆனா பிறகு எதை வேணும்னாலும் மாத்திக்கலாம்" என்றது கரையான்.

"மழைக்காலமா! அதுவரைக்கும் என் குட்டி இருக்க வேண்டாமா?"

நரி குறுக்கே புகுந்தது. "அக்கா, இவன் புற்று கட்டுற வேகத்துலதான் எழுதுவான்! எங்கிட்ட எல்லாம் யாரோ எழுதி வெச்ச ரெடிமேடு துண்டு. இழுத்து ஒட்டினா சாயங்காலமே செயலி தயார்!"

"பிறகு மாத்த முடியுமான்னு கேளுங்கம்மா" என்றது கரையான்.

சருகுமான் கேட்கவில்லை. பயம் அதைக் கேட்கவிடவில்லை.

நரி சொன்னபடியே முடித்துக் கொடுத்தது. கரையோரப் புதர்களைக் கேமராக்கள் பார்த்துக்கொண்டன. ஆபத்து இல்லையென்றால் போனில் பச்சை எரியும். சிறுத்தை பதுங்கியதும் போன்கள் சிவந்து அலறின. விலங்குகள் ஓடித் தப்பின. பசி தாங்காத சிறுத்தை வேறு காட்டுக்குப் போய்விட்டது. சருகுமான் நரியைக் கையெடுத்துக் கும்பிட்டது.

பிறகு மழை கொட்டியது. ஆறு பெருகிக் குட்டையோடு கலந்தது. ஒருநாள் தண்ணீரில் மரக்கட்டை போல ஏதோ மிதந்தது. அதற்குக் கண் இருந்தது!

சருகுமான் நரியிடம் ஓடியது. "தம்பி, முதலை! தண்ணியையும் பார்க்கச் சொல்லுப்பா!"

நரி தலையைச் சொறிந்தது. "தண்ணிக்குத் துண்டு கிடையாதே அக்கா. துண்டு செய்யுறவன் கொடுத்தாத்தான் உண்டு."

"நீயே எழுதேன்!"

"எனக்கு ஒட்டத்தான் தெரியும். துண்டுக்கு உள்ளே பூட்டியிருக்கு. கரையான் வந்தாலும் திறக்க முடியாது."

குட்டி எங்கே? சருகுமான் குட்டைக்குத் திரும்பி ஓடியது. கழுத்தில் போனை மாட்டிக்கொண்டு குட்டி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தது.

"வெளியே வாடா!"

"ஏம்மா? பச்சைதானே எரியுது! ஆபத்து இல்லைன்னு போட்டிருக்கே!"

தண்ணீர் பிளந்தது. சருகுமான் பாய்ந்து குட்டியின் காதைக் கவ்வி இழுத்தது. போனின் கயிறு அறுந்தது. முதலையின் வாயில் போன் மட்டும் சிக்கியது.

அந்தப் பற்களுக்கு நடுவிலும் அது பச்சையாகவே எரிந்தது.

அவசரத்துக்கு ரெடிமேடாக வாங்குவது தவறில்லை. ஆனால் உயிரை நம்பி ஒப்படைக்கும் ஒன்றை, நாளைக்கு மாற்ற முடியுமா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.