வளைவில் இல்லாத கரடி

ஒரு மலைக்காட்டில் விலங்குகள் எல்லாம் காட்டுப்பன்றி மேல் ஏறிச் சவாரி செய்யப் பழகிவிட்டன. மேலே இருக்கும் பலாத்தோப்பிலிருந்து கீழே இருக்கும் குளத்துக்கு நடந்தால் அரை நாள் ஆகும். பன்றியில் வந்தால் ஒரு பலாச்சுளை தின்று முடிப்பதற்குள் வந்துவிடலாம். பன்றிக்கு ஓடத் தெரியும். நிற்கத்தான் தெரியாது. எதிலாவது முட்டினால் நிற்கும்.

பாதி வழியில் ஒரு வளைவு. அங்கே தரையெல்லாம் கூழாங்கற்கள், ஓரத்தில் ஒரு கரும்பாறை. அந்தப் பாறையில் அடிக்கடி யாராவது மண்டையை உடைத்துக்கொண்டார்கள். முயல் உடைத்தது, அணில் உடைத்தது. காடு "ஐயோ பாவம்" என்றது. கடைசியில் புலிராஜாவின் மைத்துனன் காட்டுப்பூனை உடைத்துக்கொண்டது. மறுநாளே சட்டம் வந்தது!

"சவாரி போகிற எல்லோரும் தலையில் ஓடு மாட்ட வேண்டும்! பெரிய தலைக்குத் தேங்காய்ச் சிரட்டை. சிறிய தலைக்கு விளாம்பழ ஓடு. தாடைக்குக் கீழே கொடியால் இறுக்கிக் கட்ட வேண்டும். மீறினால் ஒரு தேன்கூடு அபராதம்!" என்று புலி உறுமியது.

"அபராதத்தை யார் வசூலிப்பது?" என்று அது கேட்டு முடிப்பதற்குள், "நான்!" என்றது கரடி.

கரடி வளைவில் போய் நிற்கவில்லை. அங்கே வெயில். குளத்தங்கரை நாவல் மரத்தடியில் நின்றது. அங்கே நிழலும் காற்றும் உண்டு, பழமும் விழும்.

முதலில் மாட்டிக்கொண்டது ஆமை.

"டேய், ஓடு எங்கடா?"

"ஐயா, நான் பொறந்ததுலேர்ந்து ஓட்டுக்குள்ளதானே இருக்கேன்!"

"சட்டத்துல தலைன்னு இருக்கு. முதுகுன்னு இல்ல. எடு தேனை!"

காடு பயந்துபோய் ஓடு வாங்கியது. ஆனால் மாட்டியதா? குரங்கு, "முடி கொட்டுதுப்பா!" என்றது. முயல், "காதை எங்க வைக்கிறது?" என்றது. மயில், "என் கொண்டை கலைஞ்சா நீயா சீவி விடுவே?" என்று சண்டைக்கே வந்தது. எல்லோரும் ஓட்டை முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். விழுந்தால் முதலில் முழங்கைதான் உடையும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் காட்டுக்கு ஒரு சேவகி கிடைத்தாள். ஆள்காட்டிக் குருவி! வளைவின் ஓரம், கூழாங்கற்களுக்கு நடுவில் அவள் முட்டையிட்டிருந்தாள். ஒரு எம்பு எம்பினால் அவளுக்கு நாவல் மரத்தடி தெரியும். கரடி நின்றால், "கரடி! கரடி! மாட்டு! மாட்டு!" என்று கத்துவாள். எல்லோரும் அவசரமாக ஓட்டை மாட்டுவார்கள். கரடியைத் தாண்டியதும் கழற்றிவிடுவார்கள். கரடி இல்லையென்றால், "லீவு! லீவு!" என்று கத்துவாள். ஓடு முழங்கைக்குப் போய்விடும்.

"அக்கா, நீ தெய்வம்!" என்பார்கள் எல்லோரும். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்க வைப்பதை உதவி என்று நாம் ஏன் நினைக்கிறோமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் நினைக்கிறோம்.

குருவிக்கு ஒரு பயம் இருந்தது. பாறை இடுக்கில் ஒரு சாரைப்பாம்பு குடியிருந்தது. அதற்கு முட்டை என்றால் உயிர். ஆனால் கீரித்தம்பி தினமும் அந்த வழியாகச் சவாரி வந்து, "அக்கா, நம்ம ஆளு எப்படி இருக்கான்?" என்று உரக்கக் கேட்டுவிட்டுப் போவான். அந்தக் குரல் கேட்டாலே பாம்பு வாலைச் சுருட்டிக்கொள்ளும். குருவியின் முட்டைகள் பிழைத்திருந்தது கீரியால்தான்.

ஒருநாள் காலை கரடிக்கு வயிற்றுவலி. வசூலான தேன் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்திருந்தது. நாவல் மரத்தடி காலி. குருவிக்கு ஒரே குஷி.

அப்போது கீரி வந்தான். அன்று அவன் விளாம்பழ ஓட்டை மாட்டி, கொடியையும் கட்டியிருந்தான். "கட்டாம வாசலைத் தாண்டின, சோறு கிடையாது!" என்று மனைவி சொல்லியிருந்தாள்.

"தம்பீ! கரடி லீவு! கழட்டு! கழட்டு!" என்று குருவி கத்தினாள்.

"அப்படியாக்கா? சரியான புழுக்கம்!" என்ற கீரி, பன்றியின் காதை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கொடியை அவிழ்த்தான். ஓட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டினான். அதற்குள் வளைவு வந்துவிட்டது. பன்றி திரும்பியது. கீரி திரும்பவில்லை.

பாறையில் 'ணங்' என்று ஒரு சத்தம்! முழங்கையில் இருந்த ஓடு கழன்று உருண்டு, குருவியின் காலடியில் வந்து நின்றது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

சத்தம் கேட்டுப் பாம்பு தலையை நீட்டியது. கீரி எழுந்து உட்கார்ந்தான். நெற்றியில் ரத்தம் வழிந்தது. கண் எங்கெங்கோ போனது.

"தம்பி! பாம்பு வருது! விடாதே!" என்று குருவி அலறினாள்.

கீரி பாம்பைப் பார்த்தான். மெல்லக் கும்பிட்டான். "வாங்க மாமா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

பாம்பு ஒரு கணம் திகைத்தது. பிறகு, "சௌக்கியம் மாப்பிள்ளை. நீங்க படுத்துக்கங்க!" என்றது. கீரி படுத்துக்கொண்டான்.

குருவி இறக்கை ஒடிந்தவள் போல நொண்டிக்கொண்டே தூரமாக ஓடினாள். எதிரியை ஏமாற்ற அவள் குலம் காலங்காலமாகச் செய்யும் தந்திரம் அது. "இந்த நாடகத்தை எங்க தாத்தாவே பாத்துட்டாரு!" என்ற பாம்பு, நேராக முட்டைகளிடம் போனது. ஒன்றை விழுங்கியது. இன்னொன்றில் வாய் வைத்தது.

குருவி திரும்பி ஓடி வந்தாள். அவளிடம் கிழிக்கும் நகமும் இல்லை, கடிக்கும் பல்லும் இல்லை. காலடியில் அந்த ஓடு மட்டும் கிடந்தது. நெஞ்சால் அதை முட்டி முட்டித் தள்ளினாள். தனியாக ஒதுங்கிக் கிடந்த கடைசி முட்டையின் மேல் அது கவிழ்ந்தது. கண்ணுக்கு எட்டிய முட்டைகளை எல்லாம் விழுங்கிவிட்டுப் பாம்பு தலையைத் தூக்கியது.

"இது என்ன?"

"கீரியோட ஓடு," என்றாள் குருவி.

"அவன் மண்டையில இருந்திருந்தா நான் இப்ப பட்டினி!" என்று பாம்பு சிரித்தது. "மாட்டாத ஓட்டுக்குள்ள என்ன இருக்கப்போகுது!" வயிறு புடைக்க நெளிந்து இடுக்குக்குள் போய்விட்டது.

அன்று முழுவதும் குருவி கத்தவில்லை. ஓட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் குரல் மாறியது. நாவல் மரத்தடியில் கரடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், "கரடி! வளைவுலேயே நிக்குது! பாறைக்குப் பின்னால! கட்டு! கட்டு!" என்றே கத்தினாள். எல்லோரும் பதறிப்போய் ஓட்டை மாட்டிக் கொடியை இழுத்துக் கட்டினார்கள். சிலர் விழுந்தார்கள். எழுந்தார்கள். ஓட்டைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

வளைவில் மண்டை உடைவது நின்றுபோனது. புலிராஜா கரடியைக் கூப்பிட்டு மாலை போட்டது. "எல்லாம் என் கடும் நடவடிக்கை!" என்றது கரடி. வளைவு எந்தப் பக்கம் என்றுகூட அதற்குத் தெரியாது.

கீரிக்குப் புத்தி தெளிந்தது. நெற்றியில் தழும்போடும் தலையில் புது ஓட்டோடும் பன்றி ஏறி வந்தான். பன்றி கரும்பாறையில் முட்டி நின்றது.

"அக்கா, பாறைக்குப் பின்னால எட்டிப் பாத்தேன். கரடியே இல்லையே!"

"உன்னை யாருடா பாக்கச் சொன்னது? கட்டுன்னா கட்டு!"

அந்த நேரம் தரையில் கவிழ்ந்திருந்த பழைய விளாம்பழ ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். குருவி அதைப் புரட்டினாள். குஞ்சு பொரிந்திருந்தது! பிறந்த சூட்டோடு எழுந்து பாதையின் குறுக்கே ஓடியது. அதன் தலையில் பாதி முட்டை ஓடு தொப்பி போல ஒட்டியிருந்தது.

"அக்கா, பிள்ளை தலையில ஓடு ஒட்டியிருக்கு! எடுத்து விடவா?" என்று கீரி கையை நீட்டினான்.

"கையை எடுடா! மொதல்ல பாதையைத் தாண்டட்டும்!"

கீரி சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். அந்தக் கையாலேயே தன் தாடைக்குக் கீழே கொடியைத் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

தலைக்கவசத்தைக் காவலுக்குப் பயந்து மட்டும் மாட்டுகிறவனுக்குக் காவல் இல்லாத வளைவில்தான் மண்டை உடையும்.