கரடி சார் போட்ட மார்க்

மலையடிவாரக் காடு ஒன்றில், குழந்தைகளே, விலங்குகளுக்கென்றே ஒரு நடுநிலைப் பள்ளி இருந்தது. அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் பூவலிங்கம் என்ற கரடி. நல்ல மனசு. அதைவிடப் பெரிய தொண்டை!

பாட்டுப் பரீட்சை என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் ஒன்றாக நிற்கவைப்பார். தொடையில் தாளம் தட்டுவார். "ம், ஆரம்பிங்க!" என்று சொல்லிவிட்டுத் தானும் சேர்ந்து பாடுவார். அப்பப்பா, காடே அதிரும்! கண்ணை மூடிக் கேட்டு மகிழ்ந்துவிட்டு, "அடடா, என்னமா பாடுறீங்க!" என்று நூற்றுக்கு நூறு போட்டுவிடுவார்.

இளவேணி என்ற முயல்குட்டிக்கு மட்டும் பூஜ்யம். "உன் குரல் மட்டும் தனியாக் கீச்சுக்கீச்சுன்னு கேக்குது. பாட்டையே கெடுக்குறியே!" என்று கடிந்துகொள்வார். பயந்த சுபாவக்காரி அவள், தலையைக் குனிந்துகொள்வாள்.

நரிக்குட்டி சுடலை இருக்கிறானே, அவன் கெட்டிக்காரன். வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடுவான், சத்தம் மட்டும் வராது. முதல் பரிசு அவனுக்குத்தான். அநியாயத்தைப் பாருங்கள்!

ஒரு நாள் தலைமை ஆசிரியை பெரியநாயகி யானை கரடியைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பாட்டு கேக்க வர்றேன் சார். புள்ளைங்க பாடலைன்னா உங்க பீரியடைக் கணக்கு சாருக்குக் கொடுத்துடுவேன்."

"எல்லாரும் நூறு மார்க் பசங்க டீச்சர்! வந்து கேளுங்க," என்று கரடி மார்தட்டினார்.

மறுநாள் யானை வந்து உட்கார்ந்தார். கரடி தாளம் தட்டிப் பாட வாயைத் திறந்தார். யானை தும்பிக்கையைத் தூக்கினார். "நீங்க சும்மா இருங்க சார். பரீட்சை புள்ளைங்களுக்குத்தானே?"

கரடி வாயை மூடினார். வகுப்பே கப்சிப்! ஓரத்திலிருந்து இளவேணியின் மெல்லிய குரல் மட்டும் வந்தது. தாளம் தப்பாமல் அழகாகப் பாடினாள்.

கரடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. காதைக் குடைந்துகொண்டார். காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறதோ என்று பிள்ளைகளை இடம் மாற்றி நிற்கவைத்தார். அப்போதும் முயல்தான் பாடினாள். 'ஐயோ, பீரியட் போயிடுமே!' என்று பதறினார்.

"டேய் சுடலை, நீ பாடுடா!"

நரி திருதிருவென்று விழித்தான். "எனக்குப் பாடத் தெரியாதே சார்."

"குரங்கே, நீ?"

"எனக்கும் தெரியாது சார். சுடலை பாடுறான்னு நெனச்சு நானும் வாயை மட்டும் அசைச்சேன்."

"நூறு வாங்கினவன் முழிக்கிறான், பூஜ்யம் வாங்கினவ பாடுறா! என்ன கூத்து இது?" கரடிக்குத் தலை கிறுகிறுத்தது. "இத்தனை நாளாக் கேட்டேனே, எவ்வளவு நல்லா இருந்துச்சு! அப்போ அதெல்லாம் யாரு பாடினது?"

இளவேணிதான் மெல்லச் சொன்னாள்:

"நீங்கதான் சார்."

கரடிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

யானை எழுந்தார். "இவ ஒருத்தி பாடினதால உங்க பீரியட் தப்பிச்சுது. அடுத்த மாசம் மறுபடியும் வருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரடி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொருவரையும் தனியாகப் பாடச் சொன்னார். முதலில் சுடலை பாடினான். சகிக்கவில்லை! இரண்டு மார்க் போட்டுவிட்டு, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் பாடத்திலிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

இந்தக் கதை சொல்லும் நீதி: சொல்லிக்கொடுப்பவர் தன் வாயை மூடிக் கேட்டால்தான், படிப்பவருக்கு என்ன தெரியும் என்று தெரியவரும்.